தரங்கம்பாடியில் இரண்டு நாட்கள்

வேதபாடம்: அப்போஸ்தலர் 15:36-41, 2 தீமோத்தேயு 4:9-11



விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் தரங்கம்பாடிக்குப் போய்வரக் கர்த்தர் கிருபை செய்தார். ஊர் பார்ப்பது பாதி நோக்கம். வடக்கே நம் மருத்துவமனையில் எங்களோடு ஊழியம் செய்து, இப்போது பொறையாரில் ஓய்வாக இருக்கும் ஒரு குடும்பத்தைப் பார்ப்பது மறுபாதி. உண்மையைச் சொன்னால், அந்த மறுபாதிக்காக எங்களுக்கு உள்ளூரப் பயம் இருந்தது.

அந்த அண்ணன் எங்கள் மருத்துவமனையின் கணக்கராக இருந்தவர். 1994ல் எங்களுக்கும் அவருக்கும் ஒரு தகராறு ஏற்பட்டது. கர்ப்பப்பை கிழிந்த நிலையில் ஒரு ஏழைத் தாயை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். முன்பணம் கட்டாமல் ஆபரேஷனுக்குச் சீட்டு எழுத முடியாது என்றார் அவர். நாங்கள் சீட்டு இல்லாமலே தியேட்டருக்குள் கொண்டுபோனோம். மறுநாள் ஊழியர் எல்லாரும் கேட்க, சொல்லக்கூடாத வார்த்தைகளைச் சொன்னோம். அந்த வாரமே அவர் குடும்பத்தோடு புறப்பட்டுவிட்டார். ரயில் நிலையம் நடந்துபோகிற தூரந்தான். நாங்கள் வழியனுப்பப் போகவில்லை.

மயிலாடுதுறையில் இறங்கி பஸ் பிடித்தோம். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் போகும் பாதை அது. முன்பு இங்கே மீட்டர்கேஜ் ரயில் ஓடியது, 1986ல் நிறுத்திவிட்டார்கள். அண்ணன் வீட்டில் அக்கா வாசலுக்கே ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். அண்ணன் "வாங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு, சாப்பாடு முடியும்வரை மழையையும் அறுவடையையும் பற்றியே பேசினார்.

மாலையில் எல்லாரும் தரங்கம்பாடிக்குப் போனோம். 1792ல் கட்டிய நகரவாசல் வழியாக இராஜ வீதிக்குள் நுழைந்தால் நேரே கடல் தெரிகிறது. அந்த வீதியில் புதிய எருசலேம் ஆலயம். முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் கிரீடமும் எழுத்தும் இருக்கின்றன. அவர் அனுப்பிய சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலை 9ந் தேதி இக்கரையில் இறங்கினார். 1715ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். இந்திய மொழிகளில் முதலாவதாக அச்சான புதிய ஏற்பாடு அதுவே. இந்த ஆலயத்தை 1718ல் பிரதிஷ்டை செய்து, அடுத்த பிப்ரவரியில் தமது 36ம் வயதில் மரித்து, இதற்குள்ளேயே அடக்கம்பண்ணப்பட்டார்.

மருத்துவ ஊழியத்தை ஆதரிக்கும் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இந்த மிஷன் 1730லேயே ஒரு வைத்தியரை இங்கே அனுப்பியது. அவர் வந்த சிறிது காலத்திலேயே மரித்துப்போனார். ஒரு நோயாளியையாவது பார்த்தாரோ என்னவோ! ஆனாலும் அடுத்தவரை அனுப்பினார்கள்.

பிறகு டேனிஷ் கோட்டைக்குள் போனோம். 1620ல் கட்டத் தொடங்கியது. 1708ன் கடைசியில் சீகன்பால்கு நான்கு மாதம் இதற்குள்தான் சிறையிருந்தார். சிறைவைத்தவர் புறமதத்து ராஜா அல்ல. அவரை அனுப்பிய அதே டேனிஷ் அரசரின் கீழிருந்த கம்பெனியின் தளபதி. இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒரே ஆலயத்துக்குப் போகிறவர்கள். இதை அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"டாக்டர், அந்தப் பொண்ணு பிழைச்சாளா?"

முப்பது வருஷத்துக்கு மேல் அவருக்கு அது தெரியாது. கேட்கத் தைரியமில்லாமல் இருந்திருக்கிறார். தாய் பிழைத்தாள், குழந்தை உள்ளே வரும்போதே இறந்திருந்தது என்று சொன்னோம். அவர் கோட்டைச் சுவரில் கைவைத்தபடி வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். அன்று காலைதான் ஆக்ஸிஜன் வியாபாரி பழைய பாக்கிக்காக சிலிண்டர் தரமுடியாது என்று ஆளைத் திருப்பி அனுப்பியிருந்தான். ஊழியருக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. "உங்ககிட்ட சொல்ல வந்தேன், நீங்க தியேட்டர்ல இருந்தீங்க. அடுத்த கேஸுக்கு ஆக்ஸிஜன் இல்லைன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்."

அவர் கையில் கணக்குப் புத்தகம் இருந்தது, எங்கள் முன்னே அந்தத் தாய் கிடந்தாள். அவரவர் கண்டதை மட்டும் வைத்து மற்றவரை நியாயந்தீர்த்தோம். அவர் மன்னிப்புக் கேட்டார். நாங்களும் கேட்டோம், கொஞ்சம் தடுமாறி. முன்பணம் கேட்டிருக்கக்கூடாது என்று இன்றும் நினைக்கிறோம். அதையும் அவரிடம் மறைக்கவில்லை.

ஞாயிறு ஆராதனைக்குப்பின் அண்ணன் வீட்டில் அப்போஸ்தலர் 15ஐ வாசித்தோம். பவுலும் பர்னபாவும் சேர்ந்து கப்பலேறியவர்கள், சேர்ந்து உபத்திரவப்பட்டவர்கள். பம்பிலியாவில் விட்டுப்போன மாற்குவை மறுபடி கூட்டிக்கொண்டுபோவதா வேண்டாமா என்ற ஒரே காரியத்தில் பிரிந்தார்கள். யார் சொன்னது சரி என்று லூக்கா ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இது எங்களுக்கு எப்போதும் குறையாகத் தோன்றும். இந்த முறை அப்படித் தோன்றவில்லை. பவுலுக்கு ஆத்துமாக்களைக் குறித்த பாரம், பர்னபாவுக்கு ஒரு வாலிபனைக் குறித்த பாரம். கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் பர்னபாவைத் தன் உடன் உழைப்பாளியாகவே சேர்த்துச் சொல்லுகிறார் (1 கொரிந்தியர் 9:6). முடிவுகாலத்தில் சிறையிலிருந்து அதே மாற்குவைத் தம்மிடம் அழைத்துவரச் சொல்லுகிறார். ஆனால் பவுலும் பர்னபாவும் மறுபடி முகமுகமாய்ச் சந்தித்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. அக்கா இதைக் கவனித்துச் சொன்னபோது எங்களில் ஒருவரும் பேசவில்லை.

இரவு ரயிலுக்கு மயிலாடுதுறை வரை இருவரும் கூடவே வந்தார்கள். வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. ரயில் நாற்பது நிமிஷம் தாமதம். அக்கா புளிச்சாதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி நகரும்போது அண்ணன் ஜன்னலோடு கூடவே நடந்து, "இப்ப ஆக்ஸிஜன் யாரு டாக்டர் சப்ளை?" என்றார். 2021ல் உங்கள் காணிக்கையால் மருத்துவமனைக்குள்ளேயே பிளாண்ட் வைத்துவிட்டோம் என்று உரக்கச் சொன்னோம். அவருக்குக் கேட்டதா தெரியவில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் கடிதம் எழுதியிருக்கிறோம்.