விழும் பிள்ளையைப் பிடிப்பது யார்?
(ஒரு நாவல் தரும் பாடம்)



இந்த மாதம் நாம் பார்க்கப்போவது 'தி கேட்சர் இன் த ரை' என்ற அமெரிக்க நாவல். எழுதியவர் ஜே.டி. சாலிஞ்சர் (1919–2010). புத்தகமாக வெளிவந்த ஆண்டு 1951. மொத்தம் 26 அத்தியாயங்கள்.

கதை

ஹோல்டன் 16 வயசுப் பையன். விடுதிப் பள்ளியில் படிக்கிறான். ஐந்து பாடத்தில் நாலில் ஃபெயில். பள்ளியை விட்டு நீக்கிவிடுகிறார்கள். வீட்டுக்குத் தெரிவதற்கு முன்னாடியே கிளம்பி, நியூயார்க் நகரத்தில் தனியாகச் சுற்றுகிறான். பார்ப்பவர்களை எல்லாம் 'போலி' என்கிறான். நிறையப் பொய் சொல்கிறான். படிக்கும்போது நமக்கு, "என்ன, இவ்வளவு திமிரா இருக்கான்!" என்றுதான் தோன்றும்.

திமிருக்குப் பின்னால்

அவனுக்கு அல்லி என்று ஒரு தம்பி. 1946 ஜூலை 18 அன்று இரத்தப் புற்றுநோயில் இறந்துபோனான். அப்போது தம்பிக்கு 11 வயது, ஹோல்டனுக்கு 13. அன்று ராத்திரி ஹோல்டன் கார் கொட்டகையின் ஜன்னல் கண்ணாடிகளை வெறுங்கையால் குத்தி உடைத்தான். ஆஸ்பத்திரியில் கிடந்ததால் தம்பியின் அடக்கத்துக்குக்கூட போக முடியல. வருஷங்கள் கழிந்தும் மழை பெய்தால் அந்தக் கை வலிக்கிறது.

தம்பியின் பேஸ்பால் கையுறையை அவன் பத்திரமாக வைத்திருக்கிறான். அதில் தம்பி பச்சை மையில் கவிதைகள் எழுதியிருந்தான். அறைத் தோழன் ஒருநாள், "ஒரு அறையையோ வீட்டையோ வர்ணித்து எனக்குக் கட்டுரை எழுதிக் கொடு" என்கிறான். ஹோல்டன் அந்தக் கையுறையைப் பற்றி எழுதுகிறான். தோழன், "சொன்னதை எழுதலையே" என்று திட்டுகிறான். ஹோல்டன் தாளைக் கிழித்துப் போடுகிறான். அது கட்டுரை இல்லை, அவன் துக்கம் என்று அந்தத் தோழனுக்குப் புரியவே இல்லை.

தலைப்பின் பொருள்

ரை என்பது குளிர் நாட்டுத் தானியம். ரை வயலில் குழந்தைகள் விளையாடுகிறார்கள், ஓரத்தில் பெரிய பள்ளம். விழப்போகிற குழந்தைகளைப் பிடித்துக் காப்பாற்றுவதே தன் வேலையாக இருக்கணும் என்று ஹோல்டன் ஆசைப்படுகிறான். ஆனால் விழுந்துகொண்டிருப்பது அவன்தான்!

அவனைப் பிடித்தது 10 வயசுத் தங்கை ஃபீபி. சேர்த்து வைத்த கிறிஸ்துமஸ் காசை அவள் தந்ததும் அழுதுவிடுகிறான். எங்கேயோ ஓடிப்போகப் போறேன் என்று அவன் சொன்னதும், "நானும் வரேன்" என்று பெட்டியோடு வந்து நிற்கிறாள். அவன் போகவில்லை. அவள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, கூட நின்றாள், அவ்வளவுதான். கடைசியில் ஹோல்டன் ஓய்வும் மனநல மருத்துவரின் உதவியும் கிடைக்கும் இடத்தில் இருந்துதான் இந்தக் கதையைச் சொல்கிறான்.

நாம் கற்க வேண்டியவை

1. மார்க் குறைந்தவரிடம் "ஏன் படிக்கல?" என்பதற்கு முன்னால் "என்னாச்சு?" என்று கேட்போம்.
2. வீட்டில் சாவு நடந்தவரிடம் ஒரு மாசம் கழித்தும் பேசுவோம். பதினாறாம் நாளோடு துக்கம் முடிந்துபோவதில்லை.
3. "செத்துப் போகலாம் போல இருக்கு" என்று யாராவது சொன்னால் விளையாட்டு என்று விடக்கூடாது. ரகசியம் காக்கவும் கூடாது. அவரைத் தனியே விடாமல் உடனே ஆசிரியரிடம் சொல்வோம். குழந்தைகள் உதவி எண் 1098, இலவசம்.

நம் வகுப்பிலும் ஒரு ஹோல்டன் இருக்கலாம். இன்று பக்கத்தில் போய் உட்காருங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி