புதிதாகச் சங்கம் தொடங்கும் பிள்ளைகளுக்கு

நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் இரும்பு கேட் வைத்த கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன. ஊர்ச் சங்கம் தொடங்கும் பிள்ளைகள் உதவி கேட்கும் மனுவோடு நேராக அங்கேதான் போகிறார்கள். முதலில் ஊராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை எழுதிவைக்கிறேன்.

1. சங்கத்தை நடத்த உள்ளாட்சியிடம் பணம் எதிர்பார்க்காதீர்கள். ஊருக்கு நிலைத்து நிற்கும் ஒரு வேலையைக் காட்டினால் அந்த வேலைக்குப் பணம் உண்டு. அதற்கு நேரான வழி ‘நமக்கு நாமே’ திட்டம். 1997-98இல் வந்தது, 2011இல் தன்னிறைவுத் திட்டம் என்று மாறியது, 2021இல் மீண்டும் பழைய பெயருக்கே வந்தது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். 9 லட்ச ரூபாய் வேலை என்றால் ஊர் 3 லட்சம், அரசு 6 லட்சம். உங்கள் ஒன்றியம் ஸ்ரீபெரும்புதூரா குன்றத்தூரா என்று பார்த்து, அந்த பி.டி.ஓ. ஆபீசில் விசாரியுங்கள். நிர்வாக அனுமதி தருபவர் கலெக்டர்.

2. அந்த மூன்றில் ஒரு பங்கை ஒரே ஆளிடம் வாங்காதீர்கள். நம் பக்கத்தில் மனை விற்பவர், லாரி வைத்திருப்பவர், லேபர் கான்ட்ராக்டர் என்று முழுப் பங்கையும் ஒரே நாளில் கட்டத் தயாராக இருப்பவர்கள் உண்டு. கட்டிவிடுவார்கள். பிறகு கல்வெட்டில் அவர் பெயர் இருக்கும், கட்டடச் சாவி அவர் வீட்டில் தொங்கும். மகளிர் குழுக்கள் மூலம் வீட்டுக்கு 200, 500 என்று ரசீது போட்டு வாங்குங்கள். நாள் பிடிக்கும். ஆனால் பணம் போட்ட வீடுதான் சிமெண்ட் கலவையை வந்து பார்த்துக் கேள்வி கேட்கும்.

3. பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கை வருடம் தவறாமல் மாவட்டப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும்.

4. இடத்தைப் பார்த்துவிட்டு எஸ்டிமேட் கேளுங்கள். காஞ்சிபுரம் ஏரிகளின் மாவட்டம். காலியாகத் தெரியும் இடம் பல நேரம் ஏரிப் புறம்போக்காகவோ வரத்துக் கால்வாயாகவோ இருக்கும். வி.ஏ.ஓ.விடம் ‘அ’ பதிவேட்டில் சர்வே எண்ணைப் பாருங்கள். நீர்நிலையில் கட்டடம் கேட்கவே கேட்காதீர்கள். அரசு அனுமதிக்காது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வரத்துக் கால்வாயை அடைத்தால் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கப்போவது நம் தெருவில்தான்.

5. கிராம சபை நாட்களை மனப்பாடம் செய்யுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தில் தெரு, சர்வே எண், வேலை மூன்றும் எழுத்தில் ஏறுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

6. இதுதான் எனக்கு முக்கியம். வல்லத்திலும் மாத்தூரிலும் வாடகை அறைகளில், ஹாஸ்டல்களில் இருக்கும் பிள்ளைகளை நினையுங்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள், நம் தென்மாவட்டப் பெண்கள். ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் ஆலையில் வேலை செய்தால், அவர்கள் சம்பளத்தில் பிடிக்கும் தொழில் வரி அந்த ஊராட்சிக்குத்தான் வருகிறது. ஆனால் அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். இவர்களில் பெரும்பாலோர் பெயர் அதில் இல்லை. நிதிக்குழு மானியத்துக்கு அடிப்படை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதற்குப் பிறகு வந்தவர் அந்தக் கணக்கிலும் இல்லை. குடிநீர், குப்பை, தெருவிளக்கு மூன்றுக்கும் நெருக்கடி அவர்கள் இருக்கும் தெருவில்தான். அவர்களுக்காகச் சபையில் எழுந்து பேச வேண்டியது உங்கள் சங்கம். “வெளியூர்க்காரனுக்கு எதற்கு?” என்று யாராவது கேட்பார்கள். ஊராட்சியின் தொழில் வரிக் கணக்கைக் கேட்டு வாங்கி அங்கேயே வாசித்துக் காட்டுங்கள்.

7. இதற்குப் பிறகு கம்பெனிக்குப் போங்கள். 2013 கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, வரம்புக்குள் வரும் கம்பெனி முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் (சி.எஸ்.ஆர்.) செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 2021 ஏப்ரல் முதல், கம்பெனிக்காக அந்தப் பணிகளைச் செய்யும் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். கிராம சபைத் தீர்மான நகலைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். தீர்மானம் இல்லாமல் போனால், வருடக் கடைசியில் நோட்டுப் புத்தகமும் பையும் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

8. வேலை நடக்கும்போது எம் புக் என்ற அளவுப் புத்தகத்தில் பொறியாளர் எழுதும் அளவை நீங்களும் டேப் பிடித்துப் பாருங்கள். முடிந்ததும் மொத்தச் செலவு, ஊர்ப் பங்கு, அரசுப் பங்கு மூன்றையும் சுவரில் எழுதுங்கள். பணம் கொடுத்த வீடுகளின் பட்டியலை அடுத்த கிராம சபையில் முழுதாக வாசியுங்கள், 200 ரூபாய் கொடுத்தவர் பெயரையும் விடாமல்.