சிக்கிய சென்டர்போர்டுக்கு எது மருந்து?

2018 ஆசிய விளையாட்டில் சென்னையின் வருண் தக்கரும் கே.சி. கணபதியும் ஃபார்ட்டிநைனர் படகில் வெண்கலம் வென்றார்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அவர்களோடு நேத்ரா குமணனும் போனார். பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். இந்தப் பெயர்களைக் கேட்டுக் கடற்கரைக்கு வரும் புறநகர் மாணவர்கள் பாயைப் பற்றிக் கேட்பார்கள், சுக்கானைப் பற்றிக் கேட்பார்கள். படகுக்கு அடியில் இறங்கி நிற்கும் பலகை அவர்கள் நினைவுக்கு வருவது, அது சிக்கிக்கொள்ளும்போதுதான்.

அப்போது நடக்கும் கூத்தைக் கோவளம் கரையில் நின்று பார்க்க வேண்டும். ஒருவன் போனில் வீடியோ பார்த்துவிட்டு ஸ்ப்ரே எண்ணெய் டப்பாவைத் தேடுகிறான். கூட வந்த அப்பா, “சுத்தியலால ஓங்கி ரெண்டு போடுடா, வராம எங்க போகும்?” என்கிறார். எங்கே சிக்கியிருக்கிறது என்று குனிந்து பார்க்க மட்டும் ஆளில்லை.

நேத்ரா ஓட்டிய லேசர் ரேடியலிலும் அந்த ஃபார்ட்டிநைனரிலும் இருப்பது டாகர்போர்டு. மேலிருந்து நேராகச் செருகி நேராக உருவும் பலகை. சிக்கினாலும் கைக்கு எட்டும். 420, எண்டர்பிரைஸ் போன்ற இருவர் படகுகளில் இருப்பதுதான் சென்டர்போர்டு. முன்முனையில் ஒரு போல்ட்டைச் சுற்றித் திரும்பி, படகின் நடுவே உள்ள ஒடுக்கமான பெட்டிக்குள் மடங்கிக்கொள்ளும். பலகைக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. படகை மணலில் இழுக்கும்போது அடியிலுள்ள பிளவு வழியே மணலும் மட்டி ஓடும் உள்ளே ஏறிவிடும்.

மேலே சிக்கினால் படகு காற்றை எதிர்த்துப் போகாது, பக்கவாட்டில் நழுவும். மேற்கிலிருந்து கச்சான் வீசும் காலையில் அப்படி நழுவினால் நேரே நடுக்கடல்தான். கவிழ்ந்தாலோ, ஏறி நின்று நிமிர்த்தப் பலகை வெளியே இருக்காது. ஆகவே கரையில் சரிபார்க்காமல் இறக்கக் கூடாது. கீழே சிக்கினால் கரையேற்றவே முடியாது. இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, படகைப் பக்கவாட்டில் சாய்த்துத்தான் வேலை பார்க்க வேண்டும்.

வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். அடியிலிருந்து ஹோஸ் பைப்பால் நல்ல தண்ணீர் அடிப்பது. பலகையை லேசாக ஆட்டுவது. மெல்லிய பட்டையை உள்ளே விட்டு அராவுவது. கடைசியாக போல்ட்டைக் கழற்றிப் பலகையையே வெளியே எடுப்பது. ஆட்டும்போது ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மேலே சிக்கிய பலகையை முதலில் இன்னும் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும். கீழே அழுத்த அழுத்த ஓடு ஆப்பு மாதிரி இறுகும். தூக்கினால் பிடி விட்டுத் தானே உதிரும்.

இனி அந்த எண்ணெய் டப்பா. துருப்பிடித்த போல்ட்டுக்கு அது சரி. மணலுக்கு? மணல் எண்ணெயில் கரையாது. சும்மா இருந்தால் தண்ணீரோடு கழுவிப் போயிருக்கும் மணலை, எண்ணெய் பலகையோடு ஒட்டவைக்கும். மெக்கானிக் ஷெட்டில் வால்வு தேய்க்க வைத்திருக்கும் கிரைண்டிங் பேஸ்ட்டும் இப்படித்தான், கிரீஸில் குழைத்த துகள். அதைப் பெட்டிக்குள் பூசிவிட்டுப் பலகையை ஏற்றி இறக்கினால், ஃபைபரின் மேல்பூச்சு தேயும், பெயிண்ட் கழலும். பலகை பிளைவுட்டாக இருந்தால் இன்னும் மோசம். கீறல் வழியே மரம் எண்ணெயைக் குடித்துவிட்டால், பிறகு எபாக்ஸியோ வார்னிஷோ அந்த இடத்தில் பிடிக்காது. பிடிக்காத இடத்தில் தண்ணீர் இறங்கும், மரம் ஊதும், அடுத்த முறை மணலே இல்லாமல் சிக்கும். போதாக்குறைக்கு மிச்ச எண்ணெய் முட்டுக்காடு காயலில் மினுமினுத்துக்கொண்டு மிதக்கும். இத்தனையும் செய்துவிட்டு, அடித்த அன்றைக்கு மட்டும் பலகை வழுக்கிக்கொண்டு இறங்கும். அதனால்தான் அதற்கு இவ்வளவு நல்ல பெயர்.

சுத்தியலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பெட்டி படகின் அடித்தளத்தோடு சேரும் மூட்டில் விரிசல் விட்டால், சிக்கலின் பெயர் ஓட்டை என்று மாறிவிடும்.

எழுதுகிறவரின் ஓட்டு, அட்டைப்பெட்டி கட்ட உதவும் பிளாஸ்டிக் பேக்கிங் பட்டைக்கு. இது கொஞ்சம் பாரபட்சம்தான், இருக்கட்டும். தாம்பரத்தில் எந்த மொத்தக் கடை வாசலிலும் சும்மா கிடைக்கும். விறைப்பானது, ஃபைபரைக் கீறாது. மேலிருந்து விட்டு அடியில் நுனியைப் பிடித்து, இரண்டு பேர் மாறி மாறி இழுத்தால் மணல் கொட்டும். ஓடு நொறுங்கும் சத்தம் காதுக்கே கேட்கும். பலகை காய்ந்த பின் மெழுகுவத்தியை இருபுறமும் தேய்த்துவிட்டால் வழுக்கலுக்கு அது போதும். மரம் ஊதித்தான் சிக்கியது என்றால் பட்டைக்கும் வேலையில்லை: போல்ட்டைக் கழற்றி, நிழலில் நாள்கணக்கில் உலர்த்தி, அதன் பிறகே இழைக்க வேண்டும். ஈரத்தோடு இழைத்தால் காய்ந்ததும் பலகை பெட்டிக்குள் லொடலொடக்கும்.

அந்த நாள்கணக்குதான் மாணவர்களுக்குக் கசக்கிறது. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருத்தி இருப்பாள். பாய் ஏற்றும் அவசரத்தில் சேராமல், படகுக்கு அடியில் தலையை விட்டுப் பிளவைத் தடவிப் பார்ப்பவள். அவளிடம் ஸ்பானரைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் விலகுவது நல்லது. பெற்றோரும் அவளைக் கவனிக்கலாம். உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம், கானத்தூரில் அமெட், கிண்டி தாண்டினால் ஐஐடியின் கடல் பொறியியல் துறை என்று கடல் படிப்புகள் எல்லாம் பஸ் தூரத்தில் இருக்கின்றன. வெள்ளைச் சீருடையையும் டாலர் சம்பளத்தையும் பார்த்து நாட்டிகல் சயின்ஸில் தள்ளப்படும் பிள்ளைகளில், கப்பல் ஓட்டுவதைவிடக் கப்பல் கட்டுவதில் கை ஓடுகிறவர்கள் உண்டு. நேவல் ஆர்க்கிடெக்சர் என்று ஒரு படிப்பு இருப்பதையே அந்த வீடுகளில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அவளுக்கு எதில் பொறுமை வருகிறது என்று ஒரு பருவம் பார்த்துவிட்டு விண்ணப்பம் போட்டால் என்ன கெட்டுவிடும்?

போல்ட்டைத் திரும்ப மாட்டிய பிறகு ஒரு சோதனை உண்டு. அடிப் பிளவை டேப் ஒட்டி அடைத்து, பெட்டிக்குள் தண்ணீர் நிரப்பி, போல்ட்டின் இருபக்கமும் கசிகிறதா என்று அரை மணி நேரம் பார்க்க வேண்டும். கசிந்தால் ரப்பர் வாஷரை மாற்ற வேண்டும். அதோடு இரும்பு வாஷரும் போயிருந்தால், ஹார்டுவேர் கடைக்காரர் முதலில் நீட்டுவதை வாங்காமல் ‘எஸ்எஸ் 316’ என்று கேட்டு வாங்க வேண்டும். சாதா இரும்பு உப்புத் தண்ணீரில் சீக்கிரமே துருவேறி, அடுத்த முறை கழற்றும்போது ஸ்பானருக்கு அசையாது.