வாசலில் ஒரு விசாரணைக் கவுண்டர்

வண்டி நேரம் கேட்கும் ஒவ்வொருவருக்காகவும் விசாரணைக் கவுண்டர் ஊழியர் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்வதில்லை. ஒருமுறை கேட்டுப் பலகையில் எழுதிவிடுவார். இணையதளத்தின் முன்னால் நிற்கும் ரிவர்ஸ் ப்ராக்ஸியின் வேலையும் இதுவே. பக்கத்தை ஒரு தடவை சர்வரிடம் வாங்கிக் கேஷில் வைத்துக்கொண்டு, வருவோர்க்கெல்லாம் கொடுக்கும். சர்வருக்குச் சுமை குறையும்.

ஆனால் ஒருவருடைய டிக்கெட்டைப் பலகையில் மாட்டலாமா? (பெட்டியில் சார்ட் ஒட்டிய காலம் வேறு!) 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடையில் அதுதான் நடந்தது. தாக்குதலைச் சமாளிக்க மாற்றிய கேஷ் அமைப்பு பிசகி, ஒருவர் கணக்குப் பக்கம் மற்றவருக்குத் தெரிந்தது. பாதிக்கப்பட்டோர் சுமார் 34,000 பேர்.

என்ஜின்எக்ஸ் கேஷ், நாம் மாற்றாதவரை, பக்கத்தின் முகவரியைத்தான் பார்க்கும். கேட்டவர் யாரென்று பார்க்காது. ஆகவே லாகின் குக்கியோடு வருபவருக்கு இரண்டு கட்டளைகள் வேண்டும். ‘ப்ராக்ஸி கேஷ் பைபாஸ்’ என்றால், சேமித்ததைக் கொடுக்காதே. ‘ப்ராக்ஸி நோ கேஷ்’ என்றால், வந்ததைச் சேமிக்காதே. முதலாவதை மட்டும் எழுதினால், சர்வரே தடை சொல்லாதபோது, அவருடைய பக்கம் கேஷில் ஏறிவிடும். லாகின் செய்யாமல் அடுத்து வருபவர் கைக்குப் போகும். சங்கத் தளத்தில் சந்தா விவரம் வைத்திருக்கும் அன்பர்கள், லாகின் செய்து ஒரு பக்கத்தைத் திறந்தபின், வேறொரு பிரௌசரில் லாகின் இல்லாமல் அதே பக்கத்தைத் திறந்து பார்க்கவும்.