சம்மனசு மீன்களும் கண்ணாடித் தொட்டியும்

'ஏஞ்சல்' என்னும் ஆங்கிலச் சொல்லை நம் பாட்டிமார் 'சம்மனசு' என்பார்கள். இன்று ஆலயத்தில் 'வானதூதர்' என்கிறோம். இந்தப் பெயரைச் சூடிக்கொண்ட மீன்கள் உலகில் இரண்டு கூட்டமாக இருக்கின்றன. வளர்ப்பு மீன் கடைகளில் முக்கோண வடிவில், நீண்ட துடுப்புகளுடன் ஆடி அசைந்து வருமே, அது ஒன்று. அதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆறு. நன்னீர் மீனாகிய அது, நம் ஊர் ஏரிகளில் பிடிக்கப்படும் ஜிலேபிக் கெண்டைக்குச் சொந்தக்காரர் என்றால் பலர் நம்பமாட்டார்கள். நாம் இங்கே ஆராயப்போவது மற்றொரு கூட்டத்தை. அது கடலில், பவளப் பாறைகளுக்கு இடையே வாழ்கிறது. விலங்கியலார் அதன் குடும்பத்துக்கு 'பொமகாந்திடே' என்று பெயரிட்டுள்ளார்கள். கிரேக்க மொழியில் 'பொமா' என்றால் மூடி, 'அகாந்தா' என்றால் முள். செவுள் மூடியில் முள் உடையது என்பது பொருள்.

இந்த முள்ளே இவற்றின் அடையாளச் சீட்டு. பவளப் பாறைகளில் வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்களும் இதே வட்ட உடலும் பகட்டான நிறமும் கொண்டவை. ஆனால் அவற்றின் கன்னத்தில் இந்த முள் இல்லை. வலையில் சிக்கிய சம்மனசு மீனை அவசரமாக உருவினால் முள் நூலில் மாட்டிக்கொண்டு மீன் காயப்படும். ஆகையால் அனுபவம் உள்ளவர்கள் இம்மீனை வலையால் தூக்குவதில்லை. நீரோடு சேர்த்து ஒரு பாத்திரத்தில் முகந்து எடுப்பார்கள்.

குடும்பத்தில் ஏறக்குறைய 90 இனங்கள் உண்டு. விரல் நீளமுள்ள குள்ள வகைகளும் இருக்கின்றன, 40 செ.மீ. வரை வளரும் சக்கரவர்த்தி மீனும் இருக்கிறது. சக்கரவர்த்தி மீனின் கதை சுவையானது. பெர்லின் நகரத்து மருத்துவரான மார்கஸ் எலியேசர் பிளாக் என்பவர் 1787-ஆம் ஆண்டில் அதை விவரித்து 'இம்பராட்டர்' என்று பெயரிட்டார். மஞ்சளும் நீலமும் மாறி மாறிப் படுக்கைக் கோடுகளாக ஓடும் மீன் அது. கண்ணை மறைக்கும் ஒரு கறுப்புப் பட்டையும் உண்டு. பிளாக் 1799-இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற வேலையை ஷ்னைடர் என்பவர் முடித்து 1801-இல் வெளியிட்ட நூலில், கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வேறொரு மீனுக்கு நிக்கோபார் தீவின் பெயர் இடப்பட்டிருந்தது. அது வேறு மீனே அன்று! சக்கரவர்த்தியின் இளம்பருவம்தான். குழந்தைக்கும் தகப்பனுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். பெரிய மீன்கள் தம் எல்லைக்குள் தம்மைப் போன்ற இன்னொன்றைக் கண்டால் துரத்தி அடிக்கும். இளமீன் வேறு உடை உடுத்தியிருப்பதால் அடிபடாமல் தப்புகிறது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

பிளாக் அவர்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரியாகப் பணியாற்றிய கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்பவர் நம் கடற்கரை மீன்களைச் சேகரித்து அவருக்கு அனுப்பி வந்தார். சக்கரவர்த்தி மீனும், தோளருகே நீல வளையம் தரித்த நீல வளைய மீனும் மன்னார் வளைகுடாவில் இன்றும் வாழ்கின்றன.

இன்னொரு புதுமை: குள்ள சம்மனசு மீன்கள் முதலில் பெண்ணாகவே வளர்கின்றன. ஓர் ஆண் மீன், அதன் காவலில் சில பெண் மீன்கள் என்று குடும்பம் நடக்கும். அந்த ஆண் இறந்துபோனால், பெண்களில் பெரியது சில வாரங்களில் ஆணாக மாறிப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். இதை நாங்கள் வகுப்பில் வாசித்தபோது எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

இனி, அரிய இனங்கள் என்பவை எவை? 'அரிது' என்ற சொல்லைச் சற்று நிறுத்தி எடைபோட வேண்டும். சில மீன்கள் வாழும் இடமே சிறியது. தென் அட்லாண்டிக் கடலில் தனித்து நிற்கும் அசென்ஷன் தீவைச் சுற்றி வாழும் நீலமும் பொன்னுமான குள்ள மீன் அப்படிப்பட்டது. மெக்சிகோவுக்கு மேற்கே பசிபிக் கடலில் உள்ள ரெவில்யாஹிஹேதோ எரிமலைத் தீவுகளில் வாழும் கிளாரியன் மீனும் அப்படியே. ஆரஞ்சு வண்ணம் கொண்ட இந்தக் கிளாரியன் மீன்கள், அங்கு வரும் பிரமாண்டமான மாண்டா திருக்கைகளின் உடம்பைச் சுத்தம் செய்யும் தொழிலைச் செய்கின்றன. திருக்கை வந்து நிதானமாக மிதக்கும். இவை கூட்டமாகச் சென்று அதன் தோலில் உள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். திருக்கைக்குச் சுகம், மீனுக்கு உணவு.

வேறு சில மீன்கள் அரியவையாகத் தோன்றுவதற்குக் காரணம் ஆழம். குக் தீவுகளில் உள்ள ராரோடோங்காவின் கடலடியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைபோட்ட ஒரு குள்ள மீன் உண்டு. பெப்பர்மின்ட் மிட்டாயைப் போலிருப்பதால் பெப்பர்மின்ட் மீன் என்றே அழைக்கிறார்கள். 1992-இல் ரிச்சர்ட் பைல், ஜான் ராண்டல் என்னும் இருவர் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். 50 மீட்டருக்கும் கீழே, 100 மீட்டரையும் தாண்டி வாழ்வதால் சாதாரண மூழ்காளர் அங்கே போக இயலாது. ஆக, மீன் அரிதா, அங்கே போய் வரும் மனிதர் அரிதா என்பது கேள்வி. எங்களுக்கு இரண்டாவதே சரி என்று படுகிறது. மறு ஆண்டிலேயே அதே இருவர் அதே தீவின் ஆழத்திலிருந்து இன்னொரு மீனை விவரித்து அதற்கு 'நார்க்கோசிஸ்' என்று பெயரிட்டார்கள். ஆழத்தில் நைட்ரஜன் வாயு மூளையை மயக்கும் அல்லவா? மூழ்காளர்களை ஆட்டிவைத்த அந்த மயக்கத்தின் பெயரே அது.

பெப்பர்மின்ட் மீனின் அறிவியல் பெயர் 'பாயிலி'. பத்தாம் வகுப்புத் தோழியருக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் பாயில் விதி நினைவுக்கு வரும். ஆனால் இது அந்த ராபர்ட் பாயில் அல்லர். கண்டுபிடிப்பில் பங்கு கொண்ட சார்லஸ் பாயில் என்னும் மூழ்காளர். ஒரே மனிதருக்கு நம் பாடப் புத்தகத்தின் இரண்டு விதிகளும் பெயராக அமைந்துவிட்டன! வேடிக்கை அதோடு முடியவில்லை. அந்த மீனை உயிரோடு மேலே கொண்டுவருவது உண்மையிலேயே பாயில் விதியைப் பற்றிய கணக்குதான். 90 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் சுமார் 10 வளிமண்டல அளவு, நீர்மட்டத்தில் 1. மீனின் வயிற்றில் காற்றுப்பை ஒன்று உண்டு. வெப்பநிலை மாறாதிருக்க, அழுத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் கன அளவு பத்து மடங்காகும். அவசரமாகத் தூக்கினால் காற்றுப்பை உப்பி, உள்ளுறுப்புகளை நசுக்கி மீனைக் கொன்றுவிடும். ஆகவே மூழ்காளர் வழியில் ஆங்காங்கே நின்று, ஊசியால் அந்தப் பையிலிருந்து வாயுவை மெல்ல வெளியேற்றுவார். இப்படி மீனுக்காக இடையிடையே நின்று வந்த நாட்களில் தமக்கும் களைப்பு குறைவாக இருப்பதை ரிச்சர்ட் பைல் கவனித்தார். அதிலிருந்து பிறந்த பழக்கத்தை மூழ்காளர்கள் 'பைல் நிறுத்தம்' என்றே சொல்கிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த மீன் நம் வீட்டுத் தொட்டியில் வாழுமா? தொட்டி வைக்க ஆசைப்படும் பெற்றோர் இந்தப் பகுதியைக் கவனித்துப் படிக்கும்படி வேண்டுகிறோம்.

முதலில் நீர். கடல் மீனின் உடல் நீரில் உள்ள உப்பு, கடல்நீரில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. சவ்வூடு பரவலால் அதன் உடம்பிலிருந்து நீர் ஓயாமல் வெளியேறுகிறது. அதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. கடலில் வாழ்ந்தும் தாகத்தோடு இருக்கும் பிராணி! இந்தச் சமநிலை கெடாதிருக்க லிட்டருக்கு 35 கிராம் உப்பு மாறாமல் இருக்க வேண்டும். 300 லிட்டர் தொட்டிக்குப் பத்தரைக் கிலோ உப்பு என்று கணக்கு வரும். சமையல் உப்பு உதவாது. கால்சியம், மக்னீசியம் முதலியவை சேர்ந்த கடல் உப்புக் கலவை தேவை. கோடையில் நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. எனவே குறைந்த அளவை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். மறந்துபோய் உப்புநீரை ஊற்றினால் நாளுக்கு நாள் உவர்ப்பு ஏறிவிடும். வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் நலம். நம் சித்திரை வெயிலில் இது எளிதன்று. குளிரூட்டும் கருவி இல்லாமல் முடியாது. மின்சாரம் தடைப்படும் ஊர்களில் மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பும் வேண்டும். தொட்டியின் எடையையும் மறக்கக் கூடாது. 300 லிட்டர் நீர் 300 கிலோவுக்கு மேல் நிறுக்கும். மேசைமேல் வைக்கும் காரியமல்ல.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத பகைவன் அம்மோனியா. மீனின் கழிவிலும் மிஞ்சிய உணவிலும் அது உண்டாகிறது. நன்னீர் வளர்ப்பில் தேறியவர்கள்கூட இங்கே தடுமாறுகிறார்கள். காரணம், கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருக்கிறது. காரத்தன்மை கூடக்கூட, தீங்கு குறைந்த அம்மோனியம் அயனி நச்சுள்ள அம்மோனியாவாக மாறும் பங்கும் கூடுகிறது. நடுநிலை நீரில் இருப்பதைவிட இது பத்து மடங்குக்கும் அதிகம். நல்லவேளையாக, இயற்கையிலேயே இதற்குத் துப்புரவாளர்கள் உண்டு. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். மற்றொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இவை தொட்டியில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த வாரங்களில் தொட்டி வெறுமையாகத் தோன்றும். பொறுமை இல்லாதவர்கள் தொட்டி வாங்கிய மறுநாளே மீனை விட்டுவிடுகிறார்கள்.

உணவில்தான் சம்மனசு மீன்களின் பிடிவாதம் தெரியும். பல இனங்கள் கடலில் கடற்பஞ்சுகளையும் பாசியையும் கொறித்து வாழ்பவை. கரீபியன் கடலின் 'ராக் பியூட்டி' என்னும் மஞ்சளும் கறுப்புமான மீன் பெரும்பாலும் கடற்பஞ்சையே தின்னும். அழகில் மயங்கி வாங்கியவர் என்னதான் இறாலும் புழுவும் போட்டாலும், அது நாளுக்கு நாள் மெலிந்து போகும். அதே குணத்தால், தொட்டியில் உயிருள்ள பவளம் வைத்தால் அதையும் கொத்திப் பார்க்கும். புதிய மீனைச் சில வாரம் தனித் தொட்டியில் வைத்து நோயில்லை என்று உறுதி செய்வது அவசியம். வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து இடுவார்கள்; அது பவளத்துக்கும் இறாலுக்கும் நஞ்சு. குள்ள இனம் ஒன்றுக்கு 250 லிட்டர் தொட்டியாவது வேண்டும். சக்கரவர்த்தி மீனுக்கு 800 லிட்டரும் தாராளம் என்று சொல்ல முடியாது. அது 20 ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது. பத்தாம் வகுப்பில் வாங்கிய மீனை, நாம் திருமணமாகிச் சென்றபின் யார் பார்ப்பது?

மீன் பிடிக்கப்படும் விதமும் நம் கவலைக்கு உரியது. நல்ல மூழ்காளர் சிறு கைவலையால் ஒன்றொன்றாகப் பிடிப்பார். ஆனால் 1960-களில் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு கொடிய குறுக்கு வழி தொடங்கிற்று. சோடியம் சயனைடைக் கரைத்துப் பாறை இடுக்கில் பீய்ச்சுவார்கள். ஒளிந்திருக்கும் மீன் மயங்கி வெளியே வரும். அந்த இடத்துப் பவளம் செத்துப்போகும். மீனும் பார்வைக்கு நன்றாக இருந்து, சில நாட்களிலோ வாரங்களிலோ, வாங்கியவர் வீட்டில் காரணம் தெரியாமல் இறக்கும். நம் நாட்டில் பவளப் பாறையை எடுத்துத் தொட்டியில் வைப்பதும் குற்றமே. 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. கிளாரியன் மீனை 2016-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய மாநாடு, அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு விற்கக் கூடாத உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. மறு ஆண்டில் மெக்சிகோ அரசு அந்தத் தீவுகளைச் சுற்றி மீன்பிடிப்பையே தடை செய்தது.

எங்கள் அறிவியல் மன்றத்தில் இதைப் பற்றி விவாதித்தோம். "காசு கொடுத்து வாங்கினால் நமக்கு உரிமைதானே?" என்று சிலர் கேட்டார்கள். "அரியது என்பதற்காகவே வாங்குவது அதை இன்னும் அரிதாக்கும்" என்றார்கள் மற்றவர்கள். எங்கள் எண்ணம் இரண்டாவது பக்கமே. ஆயினும் தொட்டி வளர்ப்பை முழுவதும் குறை சொல்ல மாட்டோம். மீன்களின் இனப்பெருக்க இரகசியங்கள் பலவற்றை வெளிக்கொணர்ந்தவர்கள் தொட்டி வைத்தவர்களே.

அந்த வேலை எத்தனை நுட்பமானது தெரியுமா? கோமாளி மீன் பாறையில் முட்டையை ஒட்டிவைத்துத் தகப்பனாகக் காவல் காக்கும். குஞ்சும் சற்றுப் பெரியது. ஆகையால் அதை மண்டபம் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலேயே வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். சம்மனசு மீனோ அந்திப் பொழுதில் ஆணும் பெண்ணுமாக மேலெழும்பி முட்டைகளை நீரோட்டத்தில் விட்டுவிடும். ஒரு மில்லிமீட்டரும் இல்லாத அந்த முட்டை ஒரு நாளைக்குள் பொரியும். பிறந்த குஞ்சுக்கு முதலில் வாயும் இல்லை, நிறம் கொண்ட கண்ணும் இல்லை. ஓரிரு நாள் கழித்து வாய் திறக்கும்போது, வழக்கமாகக் குஞ்சுகளுக்குக் கொடுக்கும் ரோட்டிபர் என்னும் நுண்ணுயிர்கூட அந்த வாய்க்குப் பெரிதாகிவிடும். பல ஆண்டுகள் எல்லாக் குஞ்சுகளும் பட்டினியால் இறந்தன. கடைசியில் கோப்பிபாட் என்னும் சிறிய கடல் உயிரியின் குஞ்சுகளே ஏற்ற உணவு என்று கண்டார்கள். 2000-களின் தொடக்கத்தில் ஹவாய்த் தீவில் பிராங்க் பேன்ஷ் என்பவர் குள்ள இனங்களை இவ்வாறு வளர்த்து வெற்றி கண்டார். பின்னர் பாலித் தீவில் உள்ள பாலி அக்வாரிச் என்னும் பண்ணை பெரிய இனங்களையும் வளர்த்தது. கிளாரியன் மீனும் அவற்றில் ஒன்று. அந்தப் பண்ணைக் குஞ்சுகள் சிறு வயதிலிருந்தே உருண்டைத் தீவனம் தின்று பழகியவை. மெக்சிகோக் கடலில் ஒரு மீனையும் தொடாமல், உரிய சீட்டுடன் அவை வெளிநாட்டுத் தொட்டிகளுக்குப் போகின்றன. விலை மட்டும் இன்னும் நம் கைக்கு எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது.