மலை தாண்டி வந்த சிலோன்

கேள்வி: போடிமெட்டு ஏலத்தோட்டத்தில் என் தாத்தா வேலை பார்த்த காலத்தில் சிலோன் ரேடியோதான் தெளிவாகக் கேட்குமாம். பக்கத்துத் திருச்சி இருக்க, கடல் கடந்து கொழும்பு எப்படி எடுத்தது?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: காரணம் அலைவரிசையில் இருக்கிறது. 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம் மத்திய அலையில் ஒலிபரப்பியது. பகலில் அந்த அலை தரையை ஒட்டியே ஓடும். தூரம் கூடக்கூட, மேடுபள்ளம் கூடக்கூட இளைத்துவிடும். சிற்றலை அப்படியல்ல. மேலே ஏறி, அயனி மண்டலத்தில் பட்டு, வானத்திலிருந்து இறங்கும். அதற்கு மலை ஒரு தடையே இல்லை. இரண்டாம் உலகப் போர்க்கால நேசப்படைகளின் வானொலிக்காக இலங்கையில் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலைக் கருவி, போருக்குப்பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலும் சினிமாப் பாட்டும் தமிழ்நாடெங்கும் பரவின. அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்த 1950களில் அது எவ்வளவு பெரிய வரம்!

இத்தனைக்கும் இந்தியாவில் வானொலி முன்னோடிகளுள் நம் சென்னையும் ஒன்று. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய வானொலிக் கழகம், 1924 ஜூலை 31 அன்றே ஒலிபரப்பியது. பணமில்லாமல் 1927இல் நின்றுபோனது. மாநகராட்சி 1930இல் மீண்டும் நடத்தியது. அந்த முயற்சிக்கு உரிய பெருமையை நாம் இன்னும் தரவில்லை என்பது என் வருத்தம்.

இன்று உங்களுக்குக் கொடைக்கானல் பண்பலை கேட்கிறது. பண்பலை நேர்கோட்டில் செல்வது. உச்சியில் கோபுரம் இருப்பதால் சமவெளியெங்கும் எட்டுகிறது, மலை மறைத்த சரிவில் மட்டும் மங்குகிறது.

தாத்தாவின் வால்வு செட் வீட்டில் இருந்தால், பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.