ஜப்பானில் ஊழியம் செய்யும் இளம் மிஷனரிக்கு

மோர்மன் சபை என்று பரவலாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையிலிருந்து ஜப்பானுக்குச் செல்லும் இளைஞர் 24 மாதம் ஊழியம் செய்வதாலும், ‘தோழர்’ எனப்படும் சக ஊழியரை அக்காலத்தில் பிரியாமல் இருக்க வேண்டியதாலும், சமையல், துப்புரவு, செலவு ஆகியவற்றை இருவரும் முதல் வாரத்திலேயே பேசிப் பிரித்துக்கொள்வது நல்லது.

வந்தவருக்குத் தேநீர் கொடுப்பது ஜப்பானிய வீடுகளின் வழக்கம். ஆனால் தேநீர், காபி, மது, புகையிலை ஆகியவற்றை விலக்கும் ‘ஞான வார்த்தை’ என்னும் நெறியை மிஷனரி கைக்கொள்கிறார். கொண்டுவந்து வைத்த கிண்ணத்தைத் தொடாமல் எழுந்துவிட்டால் வீட்டாரின் மனம் நோகும் என்பதால், அடுப்பு மூட்டுமுன்பே, வறுத்த வாற்கோதுமையில் தயாராகும் ‘முகிச்சா’ போதும் என்று பணிவாகச் சொல்லிவிடலாம்; அதில் தேயிலையும் இல்லை, காஃபீனும் இல்லை. நெறியையும் அன்பையும் ஒருங்கே காக்க இதைவிட எளிய வழி அரிது.

‘கென்கான்’ எனப்படும் தாழ்ந்த வாசற்பகுதியில் காலணியைக் கழற்றி, அதன் முனை வெளிப்புறம் நோக்குமாறு திருப்பி வைக்க வேண்டும்; கிழிந்த காலுறை அங்கே உடனே கண்ணில் படும்.

துவைக்கவும் கடைக்குச் செல்லவும் வாரத்தில் ஒதுக்கப்படும் ‘ஆயத்த நாளில்’ 2019 முதல் குடும்பத்தாரோடு தொலைபேசியிலோ காணொளியிலோ பேசவும் அனுமதி உண்டு. ஊர் நினைவு வாட்டினாலும், ஜெபம் வறண்டுபோனதாகத் தோன்றினாலும், அதைப் பெற்றோரிடமும் ஊழியப் பகுதித் தலைவரிடமும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.